நார்மண்டியில் கடல் வற்றிய நேரத்தில் ஏன் தரையிறங்கினார்கள்?

கேள்வி: நெய்தல்நிலம்

நான்கு ஆண்டுகளாக ஜெர்மானியரின் பிடியில் இருந்த பிரான்சை மீட்பதற்காக நேசநாட்டுப் படைகள் 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் இறங்கியதைப் பற்றிச் சில வாரங்களாக வாசித்து வருகிறேன். ஒரே நாளில், வானிலிருந்து குதித்தவர்களையும் சேர்த்து, ஏறத்தாழ 1,56,000 பேர் இறங்கியிருக்கிறார்கள். யூட்டா, ஒமாஹா, கோல்ட், ஜூனோ, சோர்ட் என்று கரையை ஐந்தாகப் பிரித்த விதமும், தாக்குதல் கலே பகுதியில்தான் வரப்போகிறது என்று எதிரியை நம்பவைத்த ஏமாற்று வேலையும் எனக்குப் புரிகின்றன. புரியாதது ஒன்றே ஒன்று.

கடல் நன்றாக வற்றியிருந்த நேரத்தில் இவர்கள் இறங்கியிருக்கிறார்கள். அதனால் ஒமாஹாவில் முதலில் இறங்கியவர்கள் ஒதுங்க ஒரு மேடும் இல்லாத முந்நூறு மீட்டர் ஈர மணலை, முதுகில் சுமையோடு, இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே கடக்க வேண்டியதாயிற்று. கடல் ஏறியிருந்த நேரத்தில் வந்திருந்தால், படகுகள் கரைமேட்டின் அடிவரை சென்றிருக்கும். ஓட வேண்டிய தொலைவும் மிகவும் சுருங்கியிருக்கும். இவ்வளவு எளிய கணக்கை அத்தனை தளபதிகளும் பார்க்கத் தவறியிருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. நான் சோழமண்டலக் கரையில் வளர்ந்தவன். எங்கள் ஊரில் ஓத ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டர் அளவுக்குள்தான் இருக்கும் என்பதால், ஓதம் ஒரு போரின் நேரத்தையே முடிவு செய்யும் என்பதை மனம் ஏற்க மறுக்கிறது. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: பழைய மாலுமி

உங்கள் கணக்கைத்தான் அந்தக் கரையின் காவலைக் கவனித்த ஜெர்மானியத் தளபதி ரோம்மலும் போட்டார். தாக்க வருகிறவன் திறந்த மணலில் ஓட விரும்ப மாட்டான், ஆகவே கடல் ஏறியிருக்கும்போதுதான் வருவான் என்று கருதி, 1944-இன் முதல் மாதங்களில் கரையெங்கும் தடைகளை நடச் செய்தார். கடலை நோக்கிச் சாய்த்து ஊன்றிய மரக்கம்பங்களின் நுனியில் கண்ணிவெடிகள் கட்டப்பட்டன. தண்டவாளத் துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பொருத்திய இரும்பு முட்கள் படகின் அடியைக் கிழிக்கக் காத்திருந்தன. கடல் ஏறியதும் இவை அனைத்தும் நீருக்குள் மறைந்துவிடும். பெரும்பாலும் ஒட்டுப்பலகையால் ஆன தரையிறங்கு படகு ஒன்று, முப்பதுக்கும் மேற்பட்ட வீரர்களோடு, கண்ணுக்குத் தெரியாத கண்ணிவெடியின் மீது மோதினால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள். நீங்கள் சொல்லும் குறுகிய ஓட்டத்தை ஓடுவதற்கு ஆளே மிஞ்சியிருக்க மாட்டார்கள். தடைகள் வளர்வதை நேசநாட்டு விமானங்கள் தாழப் பறந்து படம் எடுத்துக்கொண்டே இருந்தன. தடைகள் வெளியே தெரியும் நேரத்தில் இறங்கி, பொறியாளர் குழுக்கள் அவற்றை வெடிவைத்துத் தகர்த்துப் பின்வரும் படகுகளுக்கு வழி திறக்க வேண்டும் என்ற முடிவு அதனால்தான் எடுக்கப்பட்டது.

ஆனால் "கடல் வற்றிய நேரம்" என்று நீங்கள் எழுதியதில் ஒரு சிறு திருத்தம் தேவை. அவர்கள் தேர்ந்தெடுத்தது நீர் முற்றிலும் வற்றி, மீண்டும் ஏறத் தொடங்கிய பிறகான நேரத்தை. ஒமாஹாவில் காலை ஐந்தரை மணி அளவில் நீர் மிகவும் தாழ்ந்திருந்தது. முதல் அணி இறங்கியதோ ஆறரை மணிக்கு. நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது கரையில் முட்டிய படகு அங்கேயே தரைதட்டி, அடுத்த ஏற்றம்வரை எதிரிக்கு இலக்காகக் கிடக்கும். நீர் ஏறிக்கொண்டிருந்தால், ஆட்களை இறக்கிய சில நிமிடங்களிலேயே படகு மிதந்து, பின்வாங்கி, அடுத்த அணியை ஏற்றிவரப் போய்விடலாம். இதை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. கப்பலில் இருந்த காலத்தில், இறங்குகிற நீரில் ஒரு சிறு படகைக் கரையில் விட்டுவிட்டு அரை நாள் அதன் அருகிலேயே உட்கார்ந்திருந்த அனுபவம் எனக்கு உண்டு. எங்களை யாரும் சுடவில்லை என்பதே நல்லூழ்.

அந்தக் கரையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ இருபது அடி வேறுபாடு உண்டு. கீழ்மட்டத்திலிருந்து மேல்மட்டத்துக்கு ஐந்து மணி நேர அளவில் ஏறிவிடுவதால், நீர் சராசரியாக மணிக்கு நான்கு அடி உயர்கிறது. மணல் தட்டையாக இருப்பதால், இந்த நான்கடி உயரம் பல பத்து மீட்டர் அகல மணலை விழுங்கிவிடும். தடைகளைத் தகர்க்கும் பொறியாளருக்குக் கிடைத்தது அரை மணி நேரமே என்று சொல்லலாம். அதற்குள் முடிக்காவிட்டால் வேலை நீருக்குள் போய்விடும். காயம்பட்டுக் கிடப்பவர்களும் நீருக்குள் போய்விடுவார்கள். ஒமாஹாவில் இரண்டுமே நடந்தன. பதினாறு வழிகள் திறக்க வேண்டிய இடத்தில் முதல் முயற்சியில் சிலவற்றை மட்டுமே திறக்க முடிந்தது.

இத்துடன் நிலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முந்தைய இரவில் பாராசூட்டில் குதிப்பவர்களுக்கும் இயந்திரமில்லாத மிதவை விமானங்களை (கிளைடர்) ஓட்டுபவர்களுக்கும் நிலவொளி வேண்டும். கப்பல்களின் பீரங்கிகள் குறிபார்த்துச் சுடுவதற்கு, விடிந்த பிறகு சிறிது வெளிச்சம் வேண்டும். அந்த வெளிச்சம் வந்த கையோடு நீர் தாழ்ந்து, ஏறத் தொடங்கியிருக்கவும் வேண்டும். இவையெல்லாம் கூடிவரும் நாட்களாக அந்த மாதத்தில் கிடைத்தவை ஜூன் 5, 6, 7 ஆகிய மூன்றே. ஐந்தாம் தேதியைப் புயல் பறித்துக்கொண்டது. வானிலை அதிகாரி ஸ்டாக், ஆறாம் தேதி சிறிது இடைவெளி கிடைக்கும் என்று கணித்துச் சொல்ல, நேசநாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர் புறப்பட ஒப்புதல் அளித்தார். தவறவிட்டிருந்தால் ஓதம் மீண்டும் பொருந்துவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் காத்திருக்க வேண்டும். அப்போது நிலவும் இருக்காது. கடல் இவ்வளவு மோசமாக இருக்கையில் யாரும் வரமாட்டார்கள் என்று எண்ணி, மனைவியின் பிறந்தநாளுக்காக ரோம்மல் ஜெர்மனிக்குச் சென்றிருந்தார்.

மறுமொழி: வரைபடப்பித்தன்

மாலுமி ஐயாவின் விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் ஒமாஹாவில் நிகழ்ந்த உயிரிழப்பின் பழியை ஓதத்தின் மீது சுமத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. யூட்டாவிலும் இதே ஆறரை மணிக்கு, இதே தாழ்ந்த நீரில்தான் இறங்கினார்கள். அங்கு இறந்தவர், காயமடைந்தவர், காணாமற்போனவர் எல்லோரையும் சேர்த்த இழப்பு சில நூறுகளைத் தாண்டவில்லை. ஒமாஹாவிலோ அது இரண்டாயிரத்துக்கும் மேல் போயிற்று. ஓதம் இரண்டுக்கும் பொது என்றால், வேறுபாட்டுக்கான காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

ஒமாஹா, மணலுக்குப் பின்னால் செங்குத்தான மேடுகள் எழும் வளைந்த கரை. மேட்டின் மேலிருப்பவனுக்கு மணல் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். மேலே ஏறுவதற்குச் சில ஓடைப் பள்ளங்கள் மட்டுமே இருந்தன. அவை ஒவ்வொன்றின் வாயிலும் காங்கிரீட் காப்பரண்கள் இருந்தன. அவற்றை நொறுக்கியிருக்க வேண்டிய குண்டுவீச்சு விமானங்கள், கீழே மேகம் மூடியிருந்ததால், தம் படகுகளின் மீதே குண்டு விழுந்துவிடுமோ என்று அஞ்சிச் சில நொடிகள் தாமதித்துப் போட்டன. விமானத்தின் வேகத்தில் அந்தச் சில நொடிகள் கிலோமீட்டர்களாக மாறின. குண்டுகள் கரையைத் தாண்டி வயல்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் விழுந்தன. அடுத்து, நீந்தும் டாங்கிகள். சுற்றிலும் கித்தான் திரை கட்டிக் கடலில் இறக்கப்படும் இந்த டாங்கிகளில், ஒரு பட்டாலியன் 29-ஐக் கரையிலிருந்து வெகு தொலைவில் கொந்தளிப்பான நீரில் இறக்கியது. அவற்றில் 27 மூழ்கின. காலாட்படை துணையின்றி நின்றதற்கு இது பெரிய காரணம். அன்று நிலைமையைத் திருப்பியது, தரைதட்டும் ஆபத்தைப் பொருட்படுத்தாமல் கரைக்கு மிக அருகே வந்து காப்பரண்களை நேர்க்குறி வைத்துச் சுட்ட சில டெஸ்ட்ராயர் கப்பல்கள்.

யூட்டாவில் நடந்தது வேறு கதை. ஓத நீரோட்டம் படகுகளைத் தெற்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய்விட்டது. தவறான இடத்தில் இறங்கியதை உணர்ந்த ஜெனரல் தியோடர் ரூஸ்வெல்ட், முன்னாள் அதிபரின் மகன், அங்கிருந்தே தொடர்வதென்று முடிவெடுத்தார். அந்தத் தவறான இடத்தில்தான் காவல் குறைவாக இருந்தது. ஆகவே ஓதத்தைக் குறைசொல்ல வேண்டுமானால், யூட்டாவில் அது செய்த உதவியையும் கணக்கில் வைக்க வேண்டும்.

மறுமொழி: மண்ணியல் மாணவி

இருவரும் நீரைப் பற்றிப் பேசினீர்கள். நீருக்கு அடியில் இருந்த மண்ணைப் பற்றி நான் சிறிது சேர்க்க விரும்புகிறேன். 1942 ஆகஸ்ட் 19 அன்று பிரான்சின் தியெப் துறைமுகத்தைத் தாக்கச் சென்ற படையில் பெரும்பாலோர் கனடியர்கள். அவர்களில் 900-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கரை முழுவதும் உருண்டைக் கூழாங்கற்கள். டாங்கிகளின் சங்கிலிப் பட்டைகளுக்குள் கற்கள் சிக்கிப் பட்டைகள் அறுந்தன. பல டாங்கிகள் கரையிலேயே நின்றுபோயின. கரையின் மேற்பரப்பு ஒரு படையையே முடக்கிவிடும் என்ற அந்தப் பாடம் நார்மண்டித் திட்டம் முழுவதிலும் தெரிகிறது.

நார்மண்டியின் மணலுக்கு அடியில் சில இடங்களில் பழைய சதுப்புநிலத்தின் மட்கிய கரியும் களிமண்ணும் இருக்கக்கூடும் என்று அறிவியலாளர்கள் எச்சரித்தார்கள். வானிலிருந்து எடுத்த படங்களில் கருமையான திட்டுகள் தெரிந்தன. முப்பது டன் டாங்கி அதன் மேல் ஏறினால் என்ன ஆகும் என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே 1943 டிசம்பர் 31 இரவில், ஸ்காட்-பௌடன், ஓக்டன்-ஸ்மித் என்ற இரு பிரிட்டிஷ் வீரர்கள் குளிர்கடலில் நீந்திக் கரையேறி, காவலர்களின் கண்ணில் படாமல், துளைக்கருவியால் மணலைக் குத்தி மாதிரிகளை எடுத்துக்கொண்டு மீண்டும் நீந்தித் திரும்பினார்கள். புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் காவல் தளர்ந்திருக்கும் என்று நம்பியே அந்த இரவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மென்மையான களிமண் உறுதியானதால், பெரிய உருளையில் சுற்றிய கித்தான் பாயைத் தன் முன்னால் தானே விரித்துக்கொண்டு போகும் டாங்கிகளை பிரிட்டிஷார் உருவாக்கினார்கள். கோவில் திருவிழாவில் சாமிக்கு முன்னால் நடைபாவாடை விரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

ஓத அட்டவணையும் இதே அளவு இரகசியமாகத் தயாரிக்கப்பட்டது. லிவர்பூல் அருகே பிட்ஸ்டன் குன்றின் ஆய்வகத்தில் ஆர்தர் டூட்சன் என்ற கணித அறிஞர், பல்சக்கரங்களும் கப்பிகளும் கொண்ட இரண்டு பித்தளை இயந்திரங்களைக் கொண்டு உலகின் பல துறைமுகங்களுக்கு ஓதம் கணித்துவந்தார். ஒரே குண்டில் இரண்டும் அழிந்துவிடக் கூடாது என்பதற்காக அவற்றைத் தனித்தனிக் கட்டடங்களில் வைத்திருந்தார்கள். கடற்படை அவரிடம் "இசட் நிலை" என்ற பெயரில் சில எண்களை மட்டும் கொடுத்து, 1944 ஏப்ரல் முதல் நான்கு மாதங்களுக்கு மணிக்கு மணி ஓதம் கேட்டது. இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. திறந்த கரைக்கு நம்பத்தக்க ஓத விவரம் இல்லாததால், அருகிலிருந்த துறைமுகங்களின் விவரத்தையும் இருளில் சென்று எடுத்த சில அளவுகளையும் வைத்தே அந்த எண்களைத் தேற்றியிருந்தார்கள். ஓத அலை ஆங்கிலக் கால்வாயில் மேற்கிலிருந்து கிழக்காக நகர்வதால், ஐந்து கரைகளுக்கும் ஒரே நேரத்தை வைக்க முடியவில்லை. அமெரிக்கர் ஆறரைக்கு இறங்க, கிழக்கே பிரிட்டிஷார் ஏழு இருபத்தைந்துக்குத்தான் இறங்கினார்கள்.

நெய்தல்நிலம்

மூவருக்கும் நன்றி. தடைகள் நீருக்குள் மறைவதை நான் எண்ணவே இல்லை. இதையொட்டி இன்னொன்று கேட்க விரும்புகிறேன். ஓதத்தையோ மண்ணையோ தவறாகக் கணித்து இறங்கிய இடங்கள் உண்டா? அங்கே என்ன நடந்தது?

மறுமொழி: பழைய மாலுமி

உண்டு. ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த கில்பர்ட் தீவுகளில் தராவாவை மீட்க 1943 நவம்பர் 20 அன்று அமெரிக்க மரைன்கள் சென்றார்கள். தீவைச் சுற்றிப் பவளத்திட்டு. அதன் மேல் நான்கைந்து அடி நீர் நிற்கும் என்று நம்பிப் படகுகளை அனுப்பினார்கள். அன்று சிறு ஓத நாள். போதாக்குறைக்கு நிலவும் பூமியிலிருந்து மிகத் தொலைவில் இருந்தது. நீர் ஏறவே இல்லை என்று சொல்லும் அளவுக்கு அசையாமல் கிடந்தது. சங்கிலிப் பட்டை பூட்டிய ஊர்திகள் மட்டும் பவளத்தின் மேல் ஊர்ந்து சென்றன. படகில் வந்தவர்கள் திட்டின் விளிம்பில் இறங்கி, மார்பளவு நீரில் அரைக் கிலோமீட்டருக்கும் மேல் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே நடந்தார்கள். மூன்றே நாள் சண்டையில் அமெரிக்கத் தரப்பில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள்.

இதற்கு நேர்மாறாக, உங்கள் முதல் கணக்கின்படியே கடல் ஏறிய நேரத்தில் இறங்கிய இடமும் உண்டு. 1950 செப்டம்பர் 15 அன்று கொரியாவின் இஞ்சோனில் அமெரிக்கத் தளபதி மக்ஆர்தர் நடத்திய தரையிறக்கம் அது. அங்கே ஓத வேறுபாடு முப்பது அடியைத் தாண்டும். நீர் வற்றினால் கிலோமீட்டர் கணக்கில் சேறுதான் தெரியும். ஆகவே, ஏற்றத்தின் உச்சத்தை ஒட்டிய சில மணி நேரத்தில் மட்டுமே படகு கரையை நெருங்க முடியும். காலை ஏற்றத்தில் ஒரு பட்டாலியன் வோல்மிதோ தீவைப் பிடித்தது. பிறகு நீர் வடிந்துவிட்டதால், மாலை ஏற்றம் வரும்வரை அவர்களுக்குத் துணையாக யாரும் வர முடியவில்லை. மாலையில் வந்தவர்கள் கடல் மதிலில் ஏணி சாத்தி ஏறினார்கள். நார்மண்டியில் தடைகளால் ஏற்றம் ஆபத்து. இஞ்சோனில் சேற்றால் இறக்கம் ஆபத்து.

மறுமொழி: கிள்ளான்காரன்

எங்கள் ஊர்க் கதை ஒன்று இந்த இழையில் விடுபட்டுவிட்டது. மலேசியத் தமிழர்களில்கூடப் பலருக்கு இது தெரியாது. மூன்றரை ஆண்டுகள் ஜப்பானியரின் பிடியில் இருந்த மலாயாவை மீட்க, மவுண்ட்பேட்டனின் தென்கிழக்கு ஆசியத் தலைமையகம் "ஜிப்பர்" என்ற பெயரில் பெரிய கடல்வழித் தாக்குதல் ஒன்றைத் திட்டமிட்டிருந்தது. இறங்கு கரைகளாகத் தேர்ந்தெடுத்தவை சிலாங்கூரில் மோரிப்பும் போர்ட்டிக்சன் அருகிலுள்ள கரையும். ஆகஸ்ட் 15-இல் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தபோது படைகளும் கப்பல்களும் ஆயத்த நிலையில் இருந்தன. நாட்டைக் கைக்கொள்ளப் படை தேவைப்பட்டதால், திட்டத்தைக் கைவிடாமல் 1945 செப்டம்பர் 9 அன்று மோரிப்பில் இறக்கினார்கள். இறங்கியவர்கள் இந்தியப் படையின் 25-ஆம் டிவிஷனைச் சேர்ந்தவர்கள். எதிர்த்துச் சுட ஒருவரும் இல்லை.

அப்படியிருந்தும் கரை அவர்களை விடவில்லை. மேலே மணல்போலத் தோன்றிய பரப்பின் அடியில் சேறு. படகிலிருந்து இறங்கிய லாரிகளும் பிற வண்டிகளும் வரிசையாகப் புதைந்தன. ஏறிவந்த நீரில் பல மூழ்கின. நான் அந்தக் கரைக்கு அடிக்கடி செல்பவன். கிள்ளான் கரையோரத்தில் பெரிய ஓத நாட்களில் நீர் நான்கைந்து மீட்டர் ஏறி இறங்கும். வற்றிய நேரத்தில் அங்கே நூறு அடி நடந்தால் செருப்பு மிஞ்சாது. ஜப்பானியர் போரைத் தொடர்ந்திருந்து, கரையோரத் தோட்டங்களில் சில பீரங்கிகளை மட்டும் மறைத்து வைத்திருந்தால் அந்த நாள் எப்படி முடிந்திருக்கும் என்று ஒவ்வொரு முறையும் எண்ணிக்கொள்வேன். ஜப்பானியர் கட்டாய உழைப்பில் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்கு ஆண்களை இழந்து, அரிசியும் துணியும் இன்றிக் கிடந்த தோட்டங்களின் தமிழர்கள்தான் அந்தச் சண்டையின் நடுவே மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

மறுமொழி: வரைபடப்பித்தன்

கிள்ளான் நண்பருக்கு நன்றி. ஒரு சிறு மாற்றுக்கருத்து: மோரிப்பில் சிக்கல் இருந்தது உண்மை என்றாலும், ஜப்பானியரின் முதன்மைப் படை அந்தக் கரையில் குவிந்திருக்கவில்லை என்பதால், தாக்குதல் முற்றாகத் தோற்றிருக்கும் என்று சொல்வதற்குத் தயங்குகிறேன். பெரும் தாமதமும் தேவையற்ற இழப்பும் நேர்ந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

மறுமொழி: பழைய மாலுமி

கேள்வி கேட்டவருக்கு இறுதியாக ஒன்று. படை இறங்கிய பிறகும் ஓதம் விடவில்லை. துறைமுகம் கையில் இல்லாத நிலையில் நாள்தோறும் ஆயிரக்கணக்கான டன் சரக்கை இறக்குவதற்கு, காங்கிரீட் பெட்டிகளை இழுத்துவந்து மூழ்கடித்து, "மல்பெரி" எனப்பட்ட இரண்டு செயற்கைத் துறைமுகங்களை அமைத்தார்கள். அவற்றின் படகுத்துறைகள் ஓதத்தோடு ஏறி இறங்க வேண்டும் என்பதைச் சர்ச்சில் 1942-லேயே தம் குறிப்பில் எழுதியிருந்தார். கடலடியில் ஊன்றிய நான்கு கால்களின் மேல், தளம் நீர்மட்டத்துக்கு ஏற்ப மேலும் கீழும் நகரும்படி அதை அமைத்தார்கள். ஜூன் 19-இல் தொடங்கிய புயலில் ஒமாஹாவின் துறைமுகம் நொறுங்கியது. அரோமான்ஷில் இருந்த பிரிட்டிஷ் துறைமுகம் தப்பியது. ஆறாம் தேதியைத் தவறவிட்டிருந்தால் புறப்பட வேண்டியிருந்ததும் அந்தப் புயல் நாட்களில்தான். துறைமுகத்தை இழந்த அமெரிக்கர்கள், பெரிய தரையிறங்கு கப்பல்களை ஏற்றத்தில் கரைக்கு ஓட்டிவந்து, நீர் வற்றித் தரைதட்டும்வரை காத்திருந்து, ஈர மணலின் மேலேயே லாரிகளை ஓட்டிச் சரக்கை இறக்கினார்கள். அடுத்த ஏற்றத்தில் கப்பல் மிதந்து திரும்பியது. முதல் நாள் காலையில் எந்தப் படகும் தரைதட்டிவிடக் கூடாது என்று அவ்வளவு கணக்குப் போட்டவர்கள், பின்னர் வேண்டுமென்றே தரைதட்டவிட்டார்கள். இப்படித் துறைமுகம் இல்லாமலே கரையில் இறங்கிய சரக்கு, செயற்கைத் துறைமுகத்துக்குப் போட்ட திட்டத்தையே மிஞ்சியது.